பிளே பொத்தானை அழுத்துகிறவர்

வெருகல் கோயில் வீதியிலிருந்து வத்திக்கான் வரை: வழிபாட்டில் பதிவும் திரையும் எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும்?

தீபாராதனைக்குத் திரை விலகும் கணத்தில் தவில் வித்துவானின் கண் தவிலில் இருக்காது, குருக்களின் கையில் இருக்கும். கை உயர்ந்தால் மேளம் உச்சத்துக்குப் போகும். அடுக்குத் தீபத்தில் ஒரு திரி பற்றத் தாமதித்தால் மேளமும் அதே நடையில் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். பஞ்சபுராணம் ஓத ஓர் அடியார் முன்வந்து தொண்டையைச் செருமினால் சட்டென்று அடங்கிவிடும். ஒருவருக்கொருவர் வாய்திறந்து சொல்வதில்லை. பார்வையிலேயே பூசை நடந்துவிடும்.

மேளம் கட்ட ஆள் கிடைக்காத சிறு கோயில்களுக்கு மோட்டரில் ஓடும் மின்மேளம் வந்து வெகுகாலம் ஆகிறது. சுவிட்சைப் போட்டால் அடிக்கும், எடுத்தால் நிற்கும். குருக்களின் கை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லப்டொப்பும் புரொஜெக்டரும் வந்த பிறகு நிலைமை வேறு. அவற்றுக்கும் கண் இல்லைதான். ஆனால் எப்போது தொடங்குவது, முடிந்ததும் திரையில் எதை விடுவது, அடுத்ததற்குத் தானாகப் போவதா நிற்பதா, மறுபடி முதலிலிருந்து ஓடுவதா என்றெல்லாம் அவற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அப்படிச் சொல்லும் இடம் மென்பொருளின் அமைப்புப் பக்கம். பெரும்பாலான மண்டபங்களில் அந்தப் பக்கத்தை எவரும் திறந்தே பார்ப்பதில்லை. மென்பொருளை எழுதியவர் எங்கோ ஒரு நாட்டில் தன் சபையை மனத்தில் வைத்துத் தேர்ந்து விட்டதே இங்கும் ஓடுகிறது. வழிபாட்டு முறையை வரி பிசகாமல் காக்கிற நாம், அதன் வேகத்தை மட்டும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டோம் என்பது என் குற்றச்சாட்டு.

ஆற்றங்கரையில் கேட்கும் பாட்டு

வெருகல் திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லை. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளி. ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோயில், கிழக்கின் திருப்படைக் கோயில்களுள் ஒன்று. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரை அடியார்கள் இந்த வழியால்தான் இறங்குகிறார்கள். சுற்றிவர ஈச்சிலம்பற்று, பூநகர், முட்டுச்சேனை, வாழைத்தோட்டம், வட்டவன் என்று வயலும் கடலும் காடும் கலந்த ஊர்கள். தமிழ் பேசும் கரையோர வேடர் வழிவந்த குடும்பங்களும் இங்கே உண்டு. பெரும்பான்மையினர் சைவர்கள். சிறு கிறிஸ்தவ சபைகளும் இருக்கின்றன. வடக்கே மூதூருக்குப் போனால் பள்ளிவாசல்கள்.

இத்தகைய ஊரில் வழிபாட்டுப் பதிவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட்ஸ்காரர் போடும் முதல் பாட்டு கேட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பாட்டின் வரலாற்றில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு சங்கதி இருக்கிறது. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். அதனால் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாக வேண்டும், ஊசியைத் தூக்க வேண்டும், தட்டைத் திருப்ப வேண்டும். நீண்ட இசைத்தட்டு வந்தபோது அவருக்கு இருபது நிமிடம் ஓய்வு கிடைத்தது. அறுபது நிமிடக் கசெட்டில் அது அரை மணி ஆனது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு இருந்தது. அந்த முடிவில் மனிதர் ஒருவர் வந்து, அடுத்து என்ன, இப்போது வேண்டுமா, ஐயர் வந்துவிட்டாரா என்று யோசித்தே கை வைத்தார்.

எம்.பி.3 பாட்டுகள் நிறைந்த பென் டிரைவில் அந்த முடிவு காணாமல் போனது. ஒலிபெருக்கியின் பக்கத்தில் யாரும் இல்லாமலே அது இரவும் பகலும் பாடும். கோப்புறையின் கடைசிப் பாட்டு முடிந்தால் முதற்பாட்டுக்குப் போகும். மனிதர்களைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்துப் பாடக்கூடிய கருவி இந்த வட்டாரத்துக்கு வந்துவிட்டது. லூப் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடும் மாற்றம், ஆனால் சின்ன மாற்றம் இல்லை.

ஒலிபெருக்கிப் பிரச்சினை நீதிமன்றம் வரையும் போயிருக்கிறது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கி கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9இல் கட்டளையிட்டது. எல்லா மதங்களுக்கும் பொதுவான கட்டளை அது, சிறப்பு நாட்களுக்குச் சில விலக்குகளுடன். கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். கட்டளை நல்லது. ஆனால் நீதிமன்றத்தால் கடிகாரத்தைத்தான் பார்க்க முடியும். பகல் 11 மணிக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கையில் வீதியில் வேறொரு பாட்டு ஓடலாமா என்பதை மண்டபத்தில் இருப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நிறுத்திப் படித்த மரபு

நம்மிடம் நிறுத்தும் கலை இல்லாமல் இல்லை. கந்தபுராணப் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் பயன் சொல்வார், அதாவது பொருள் விரிப்பார். படிப்பவர் அவசரப்பட முடியாது. பயன் சொல்பவர் ஒரு செய்யுளில் ஐந்து நிமிடம் நின்றாலும், கேட்பவர்கள் கண்கலங்குவதைக் கண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினாலும், படிப்பவர் ஏட்டில் விரலை வைத்தபடி காத்திருப்பார். வைகாசியில் கிழக்கின் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடும்போதும் இதே கதைதான். சடங்கு ஒரு கட்டத்தைத் தொட்ட பிறகே அடுத்த பகுதி.

தேவாலயங்களில் பாடும் கீர்த்தனைகளும் இதற்கு விலக்கல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் வழியில் வந்த பாட்டுகளில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டு உண்டு. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். எத்தனை முறை திரும்புவது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. பாட்டை நடத்துகிறவர் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு தரம் பாடுவார், சபையும் பாடும். பாட்டுப் புத்தகம் கையில் இருந்தவரை இது ஒரு பிரச்சினையே இல்லை. வரி திரையில் வந்த நாளிலிருந்துதான் திரை சபையை முந்துவதும் சபை திரையைத் துரத்துவதும் தொடங்கின.

இதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் ஏழைச் சபைகளுக்கு உகந்தது ஓப்பன் எல்பி. 2004இல் தொடங்கியது. திறந்த மூலம், காசு இல்லை. அதன் மொழிக் கோப்புகளுள் இலங்கைத் தமிழ் என்று பெயரிட்டே ஒன்று இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பாட்டைப் பகுதி பகுதியாகப் பதியலாம். பல்லவியைக் கோரஸ் என்றும் சரணங்களை ஒன்று, இரண்டு என்றும் குறித்து, பாடும் வரிசையைத் தனியே எழுதிவிட்டால் பல்லவியை ஒருமுறை தட்டெழுதினாலே போதும், ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் தானாக வந்து நிற்கும். முன்னோட்டத்துக்கு ஒரு பெட்டி, சபைக்குக் காட்டுவதற்கு ஒரு பெட்டி என்று இரண்டு இருப்பதால், அடுத்து வரப்போவதை யாருக்கும் தெரியாமல் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அதன் அமைப்புகளில் ஒரு கேள்வி இருக்கிறது: கடைசிச் சிலைடில் இன்னொரு முறை முன்னோக்கி அழுத்தினால் என்ன செய்ய? அங்கேயே நிற்கலாம், அதே பாட்டின் முதற் சிலைடுக்குச் சுற்றி வரலாம், அல்லது நிகழ்ச்சியின் அடுத்த அங்கத்துக்குப் போகலாம். பெரிய நகரத்துச் சபையில், நிமிடக் கணக்கு எழுதி ஒத்திகை பார்த்த ஆராதனையில், மூன்றாவது சரி. இங்கே நான் முதலாவதைத்தான் சொல்வேன். பாட்டு முடிந்து பாஸ்டர் கண்மூடி ஜெபத்துக்குப் போய்விட்ட நேரத்தில், தவறுதலாக விழுந்த ஒரு விரலால் காணிக்கை அறிவித்தல் திரையில் வந்து நிற்பதைவிடப் பழைய வரியே நிற்பது எவ்வளவோ மேல்.

சிலைடுகளைக் குறித்த நொடிகளுக்கு ஒருமுறை தானாக நகர்த்தும் வசதியும் உண்டு. கூட்டம் தொடங்குமுன் அறிவித்தல்களைச் சுற்ற விட அது நல்லது. பாட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

முடிந்த பிறகு திரையில் என்ன?

வீடியோ எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்கு முடிவுதான் கவலை. ஒரு சாட்சியத்தையோ பாட்டையோ வீடியோவில் காட்டி முடித்த அடுத்த நொடி சபையின் மனம் மிக இளகியிருக்கும் நொடி. அந்த நொடியில் திரையில் எது தெரிகிறது?

வி.எல்.சியில் ஓட்டினால், படம் முடிந்ததும் செம்மஞ்சளும் வெள்ளையுமான வீதிக் கூம்பு ஒன்று தோன்றும். 1996இல் பாரிஸில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. உலகமெங்கும் எல்லா வகைக் கோப்பையும் முகம் சுளிக்காமல் ஓட்டித் தரும் உத்தமமான மென்பொருள். ஆனால் அந்தக் கூம்பைப் பத்தடித் திரையில் பார்த்துக்கொண்டு யாராலும் தியானிக்க முடியாது. நத்தார்க் காலத்தில் அதற்குச் சிவப்புத் தொப்பி வேறு போட்டுவிடுவார்கள், பிரெஞ்சுக்காரர்களின் குறும்பு. தொடக்கத்திலும் ஒன்று செய்யும்: கோப்பின் பெயரைத் திரையின் அடியில் சில நொடிகள் காட்டும். “புதியது இறுதி 2” என்று சேமித்து வைத்திருந்தால் சபை முழுவதும் அதை வாசிக்கும். இரண்டுக்கும் மாற்று அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது. தலைப்பைக் காட்டாதே என்று அணைக்கலாம். ஓடி முடிந்ததும் நிறுத்திப் பிடி என்று தெரிவுசெய்தால் கடைசிப் படம் அப்படியே உறைந்து நிற்கும், கூம்பு வராது.

யூடியூபிலிருந்து நேரே ஓட்டுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். தொடக்கத்தில் விளம்பரம், முடிவில் ‘அடுத்து இதைப் பாருங்கள்’ என்று நாலைந்து சதுரங்கள், தானாக ஓடும் அடுத்த வீடியோ. வழிபாட்டின் அடுத்த அங்கத்தைக் கலிபோர்னியாவில் ஒரு கணிப்பு முறை தேர்ந்தெடுக்கிறது. கோயில் மண்டபத்தில் கந்தசஷ்டி கவசம் முடிந்த கையோடு ஏதோ ஒரு சினிமாப் பாட்டு கிளம்புவதைக் கேட்டுச் சிரிக்காத ஊர் இருக்கிறதா?

பவர்பொயின்ட்டைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. அதில் வீடியோவைச் சிலைடு வந்ததும் தானாக ஓட விடலாம், சொடுக்கும்போது ஓட விடலாம். ஓடாதபோது மறைக்கலாம், முடிந்ததும் முதற்படத்துக்கே சுற்றி விடலாம். சுற்றிவிடும் வசதியைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். உருக்கமான காட்சியில் முடிந்த படம், அடுத்த கணம் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னத்தில் போய் நிற்கும். 2010க்கு முந்திய பதிப்புகளில் வீடியோ கோப்புக்குள் உட்காராது, வெளியே தனிக் கோப்பாக இருந்து இணைப்பாகத்தான் ஓடும். பவர்பொயின்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுவந்துவிட்டு மண்டபத்தில் முழித்தவர்கள் அந்தக் காலத்தவர்கள்.

முடிவைப் பற்றி ஒழுங்காக யோசித்தவர்கள் என்று எனக்குப் படுபவர்கள் யெகோவாவின் சாட்சிகள். அவர்களுடைய கொள்கை வேறு, அது இங்கே பேச்சில்லை. உலகெங்கும் ஒரே வாரத்தில் ஒரே பாடத்தைப் படிக்கும் கூட்டங்கள் அவர்களுடையவை. அதற்குரிய பாட்டும் வீடியோவும் ஜே.டபிள்யூ. லைப்ரரி என்ற செயலியில் வருகின்றன. 2013இல் வெளியிட்டார்கள். இரண்டாவது திரையை இணைத்தால், எதுவும் ஓடாத வேளையில் அந்த ஆண்டுக்கென்று தெரிந்தெடுத்த வேதவசனம் திரையில் நிற்கும். பாட்டு முடிந்தாலும் அதற்கே திரும்பும். எவருடைய கணினி மேசையும் சபைக்குத் தெரியாது. அவர்களுடைய கூட்டங்களுக்கென்று தொண்டர்கள் எழுதிய ஒன்லி.எம் என்ற மென்பொருளில், ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித்தனியே ‘கடைசிப் படத்தில் நிறுத்து’ என்று குறிக்கலாம். பேச்சாளர் அந்தப் படத்தைக் காட்டித் தொடர்ந்து பேச வேண்டியிருந்தால் அது உதவும். இரண்டுமே சின்ன விசயங்கள். ஆனால் ‘ஒன்றும் ஓடாத நேரமும் வழிபாட்டு நேரமே’ என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து நினைத்திருக்கிறார்.

நம் கோயில் மண்டபத்துக்கும் அப்படியொரு நிலைப்படம் வேண்டும். மூலவரின் படமா, கோபுரமா, வெறும் வேலா என்பதை அறங்காவலர்கள் தீர்மானிக்கட்டும். ஓப்பன் எல்பியில் திரையை மறைக்க மூன்று வழிகள்: முழுக் கறுப்பு, பின்னணிப் படம் மட்டும், அல்லது கணினி மேசை. மூன்றாவதைத் தொடாதீர்கள். மறைத்திருக்கும்போது சிலைடை மாற்றினால் மறைப்புத் தானாக விலகட்டுமா என்றும் அமைப்பில் கேட்கிறது. விலக வேண்டாம் என்று விடுங்கள். ஜெபவேளையில் அடுத்த பாட்டைத் தயார்செய்கிறவருக்கு அது பாதுகாப்பு.

சத்தமில்லாத இரண்டு நிமிடம்

2004 டிசம்பர் 26. கிழக்குக் கரைக்கு அந்தத் தேதியை விளக்கத் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். கடலோர ஊர்களில் கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். இறந்தவர்களின் படங்களை வரிசையாகத் திரையில் காட்டுவதும் மெல்லிய இசை ஓட விடுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன.

நிகழ்ச்சிப் பட்டியலைக் கணினியில் இடும்போது அதில் மௌனத்துக்கு இடம் கிடையாது. மௌனம் ஒரு கோப்பு இல்லையே. படத்தொகுப்பு என்று ஒன்று, அடுத்து பாட்டு என்று ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பது பார்ப்பவருக்கு மௌனம், மென்பொருளுக்கு வெறும் இடைவெளி. பட்டியல் தானாக அடுத்ததற்குப் போகும் வகையில் வைத்திருந்தால் 9.26க்குப் பாட்டு தொடங்கிவிடும். பதறி ஓடிப்போய் நிறுத்தினாலும் மௌனம் போனது போனதுதான். முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்திலும் இதையே காணலாம். இறந்தவரின் படங்கள் சுற்றி முடிந்து மறுபடியும் அவருடைய குழந்தைப் படத்திலிருந்து தொடங்குகின்றன, மேடையில் மகன் பேசிக்கொண்டிருக்கிறான், கூட்டத்தின் கண் திரையில் இருக்கிறது.

இதற்கு ஓர் எளிய வழி: மௌனத்தையும் பட்டியலில் ஓர் அங்கமாக்குவது. எழுத்தில்லாத ஒரு கறுப்புச் சிலைடைச் செய்து, மௌன அஞ்சலி என்று பெயரிட்டு, அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். அதிலிருந்து நகர மனிதரின் விரல் வேண்டும். இசை வேண்டுமென்றால் அது வெட்டினாற்போல் நிற்காமல் ஐந்தாறு நொடியில் தேய்ந்து மறையும்படி வைக்கலாம். பவர்பொயின்ட்டில் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் எத்தனை நொடி என்று எழுதவே இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. எழுதாமல் விட்டால் பூச்சியம்.

ரோமும் கெய்ரோவும்

பதிவு செய்த ஒலி வழிபாட்டுக்கு ஆகுமா என்பது புதிய கேள்வி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1958 செப்டெம்பர் 3இல் திரு இசை குறித்து வெளியிட்ட அறிவுரையில், கிராமபோன், வானொலி, ஒலிப்பதிவு நாடா போன்ற தானியங்கிக் கருவிகளைத் திருவழிபாட்டில் பயன்படுத்துவதை அடியோடு தடைசெய்தது. படம் காட்டும் புரொஜெக்டரை எந்தக் காரணத்துக்காகவும் தேவாலயத்துக்குள் பாவிக்கக் கூடாது என்றும் சொன்னது. இன்று எத்தனையோ ஆலயங்களில் பீடத்துக்குப் பக்கத்தில் திரை தொங்குகிறது. காலம் மாறிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தடையின் பின்னே ஒரு நியாயம் இருந்தது: கூடி நிற்பவர்களின் குரல்தான் வழிபாடு, வேறெங்கோ எப்போதோ பாடியவரின் குரல் அதற்கு ஈடாகாது.

முஸ்லிம் உலமாக்கள் பலர் பாங்குக்கும் இதையே சொல்கிறார்கள். பதிவுசெய்த பாங்கை ஒலிக்க விடுவது போதாது, ஒருவர் நின்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஆயிரக்கணக்கான பள்ளிவாசல்களில் முன்பின்னாகக் கேட்ட பாங்கை ஒழுங்குபடுத்த எகிப்து 2010இல் கெய்ரோவில் ஒரு திட்டம் தொடங்கியபோதும் பதிவைக் கைக்கொள்ளவில்லை. ஒரு முஅத்தின் உயிரோடு நின்று சொல்வதை வானொலி அலையால் எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் அனுப்பினார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது, அது வேறு கதை.

சைவத்தில் இப்படி எழுதிய விதி எதையும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் வழக்கம் இருக்கிறது. காலையில் வீதியில் ஓடும் பக்திப் பாட்டு பதிவாக இருக்கலாம், பஞ்சபுராணம் பதிவாக இருப்பதில்லை. தேவாரமும் திருவாசகமும் முதலாய் அந்த ஐந்தையும் ஓத எழுபது வயதுப் பெரியவரோ அறநெறிப் பாடசாலைப் பிள்ளையோ வந்து நிற்க, சுருதி கொஞ்சம் விலகினாலும் குருக்கள் தட்டை ஏந்தியபடி காத்திருக்கிறார். எதைப் பதிவில் விடலாம், எதை விடக் கூடாது என்ற கோடு ஏற்கனவே போடப்பட்டுத்தான் இருக்கிறது. மென்பொருளின் வசதி பெருகப் பெருக அந்தக் கோடு நகராமல் பார்த்துக்கொள்வது நிர்வாகசபையின் வேலை.

பாமினியும் மின்வெட்டும்

இலங்கைத் தமிழ்ச் சபைகளுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. அதன் பெயர் பாமினி. இந்த நாட்டில் அச்சகம், பாடசாலை, கந்தோர் எல்லாம் பல ஆண்டுகள் அந்த எழுத்துருவில்தான் தட்டெழுதின. பாட்டுப் புத்தகங்களும் அப்படியே. பாமினி யுனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. ஆகவே பாமினி நிறுவாத லப்டொப்பில் கோப்பைத் திறந்தால் பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். இரவல் லப்டொப்பில் கூட்டம் நடத்தும் சபைகளில் இது அடிக்கடி நடக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு தேடல். பாட்டை நடத்துகிறவர் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டை உணர்ச்சி மேலீட்டால் எடுத்துவிடுவார். லப்டொப்பில் இருப்பவருக்குப் பத்து நொடிதான் அவகாசம். பாட்டுகள் யுனிகோடில் இருந்தால் நடுவரியில் ஒரு சொல்லைத் தட்டினாலும் ஓப்பன் எல்பி எடுத்துத் தரும். பாமினியில் இருந்தால் தராது. மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பின் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்கின்றனவா, ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். சபையில் கண் தெரிந்த மூத்தவர் ஒருவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் இலங்கையில் எந்தக் கருவியைப் பற்றியும் எழுத முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டது, நாள் ஞாயிற்றுக்கிழமை. லப்டொப்புக்குப் பற்றரி உண்டு, புரொஜெக்டருக்கும் அம்பிளிபயருக்கும் இல்லை. ஆகவே கரண்ட் போனாலும் லப்டொப்பில் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் பார்க்காமல். இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் போட்டதும் படம் வேறெங்கோ நிற்கும். கரண்ட் போனவுடன் முதல் வேலை ‘ஸ்பேஸ்’ விசையைத் தட்டி நிறுத்துவது. தட்டுகிறவருக்கு அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஒலியிலும் இரண்டு பொறிகள். எச்.டி.எம்.ஐ கேபிளைச் சொருகியதும் விண்டோஸ் பலவேளை ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். மிக்சருக்கு ஒன்றும் வராது, கூரையில் தொங்கும் பெட்டியிலிருந்து மட்டும் நுளம்புச் சத்தத்தில் பாட்டுக் கேட்கும். கூட்டத்துக்கு முன்பே ஒலி எந்த வழியால் போக வேண்டும் என்று தெரிந்து வைக்க வேண்டும். அடுத்தது, சார்ஜரைச் சொருகினால் ஸ்பீக்கரில் எழும் ‘உம்’ என்ற இரைச்சல். பெரும்பாலும் அது மண்தொடுப்புச் சிக்கல். ஒலிக் கேபிளின் நடுவில் ஒரு தனிப்படுத்தி போட்டால் போகும். அவசரத்துக்கு, வீடியோ ஓடும் நேரம் மட்டும் சார்ஜரைக் கழற்றிவிடலாம்.

எங்கே உட்காருவது?

ஏறக்குறைய எல்லா மண்டபத்திலும் லப்டொப்பில் இருப்பவர் ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால், அல்லது புரொஜெக்டருக்கு நேர் கீழே இருப்பார். காரணம் பக்தியோ மரபோ இல்லை, கேபிளின் நீளம். சாதாரண எச்.டி.எம்.ஐ கேபிள் பத்து, பதினைந்து மீற்றரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கும். சுவரில் பிளக் இருக்கும் இடமும் சேர்ந்து இருக்கையை நிர்ணயிக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நடத்துகிறவரின் முதுகுதான் தெரியும். முகம் தெரியாதவரிடம் சரியான நேரத்தில் அழுத்து என்று எதிர்பார்ப்பது அநியாயம். பெரும்பாலும் சாதாரண தரமோ உயர்தரமோ படிக்கும் பிள்ளை அது. பிழைத்தால் கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும், சரியாகச் செய்தால் அங்கே ஒருவர் இருப்பதே தெரியாது.

அந்தப் பிள்ளையை முன்வரிசைக்குக் கொண்டுவர வழி இருக்கிறது. ஓப்பன் எல்பி ஓடும் லப்டொப்பையும் ஒரு கைத்தொலைபேசியையும் ஒரே வைபையில் இணைத்தால் போதும். தொலைபேசியின் உலாவியில் லப்டொப்பின் முகவரியோடு 4316 என்ற எண்ணைச் சேர்த்துத் தட்டினால், சிலைடை நகர்த்தவும் திரையை மறைக்கவும் பாட்டைத் தேடவும் தொலைபேசியே தொலையியக்கி ஆகிவிடும். வெளி இணையம் தேவையில்லை, டேட்டா செலவில்லை. பழைய ரூட்டர் ஒன்று இருந்தாலும் போதும். லப்டொப் தூணுக்குப் பின்னாலேயே கிடக்கட்டும். பிள்ளை நடத்துகிறவரின் முகத்தைப் பார்க்கும் இடத்தில் உட்காரலாம்.

அதற்கும் ஓர் அமைப்பு உண்டு: பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்படி வைப்பது. வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதே வைபையில் இருக்கும் பின்வரிசை இளைஞர்கள் எல்லோரும் ஆளுக்கொரு சரணத்துக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.